பன்னிரண்டு வோல்ட் இல்லறவியல்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில், குவார்ட்ஸைட் என்றொரு பாலைவனச் சிற்றூர் இருக்கிறது. குளிர்காலம் வந்துவிட்டால் வடக்கிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதிகள் தங்கள் டிராவல் டிரெய்லர்களை, அதாவது பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துவரும் சக்கர வீடுகளை, ஊருக்கு வெளியே வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நிலம் மத்திய அரசுடையது. 1983-இல் தொடங்கிய திட்டப்படி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே தங்கலாம். வண்டிக்குள் கட்டில், குளியலறை, குளிர்சாதனப் பெட்டி, மைக்ரோவேவ், டிவி எல்லாம் உண்டு. வெளியே மின்கம்பம் மட்டும் இல்லை. இத்தனை சம்சாரத்தையும் தாங்குவது, வண்டியின் முன்மூக்கில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி.

அந்தப் பேட்டரி விடியற்காலை மூன்று மணிக்கு ஏன் படுத்துவிடுகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். இதுபற்றி முன்னோர் பலபடக் கூறியுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை கணவன் மனைவியை நோக்கியும், மனைவி கணவனை நோக்கியும் கூறியவை ஆதலின், சான்றாகக் கொள்ளத் தக்கன அல்ல.

முதலில் கையிருப்பைப் பார்த்துவிடலாம். புது டிரெய்லரோடு விற்பனையாளர் பெரும்பாலும் கொடுத்தனுப்புவது ஒரே ஒரு ஈய-அமிலப் பேட்டரி. கொள்ளளவு ஏறக்குறைய 80 ஆம்பியர்-மணி. இதில் பாதிக்கு மேல் எடுத்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, பேட்டரியின் ஆயுள் குறையும். ஆகவே செலவழிக்கக் கிடைப்பது 40. அட்டையில் 80 என்று அச்சிட்டிருப்பது முழுச்சம்பளம், 40 என்பது பிடித்தம் போகக் கைக்கு வருவது என்று கொள்க.

இனிக் குற்றவாளியைத் தேடுவோம். எல்லா முகாம்களிலும் முதலில் மாட்டுவது விளக்கு. 'யார் அந்த லைட்டை அணைக்காமல் வந்தது?' என்ற கேள்வி மொழி, இனம், மதம் கடந்தது. இதற்கு ஒரு காலத்தில் ஆதாரமும் இருந்தது. பழைய டிரெய்லர்களின் குண்டு பல்பு ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர் தின்னும். நான்கு பல்பை ஐந்து மணி நேரம் எரித்தால் 30 ஆம்பியர்-மணி, அதாவது கையிருப்பில் முக்கால் பங்கு. இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது. அதே நான்கு விளக்கு, அதே ஐந்து மணி நேரம், செலவு நான்கோ ஐந்தோ ஆம்பியர்-மணி. பல்பு மாறிவிட்டது, திட்டு மாறவில்லை.

அடுத்து மாட்டுவது மைக்ரோவேவ். அதை ஓட்ட இன்வெர்ட்டர் வேண்டும். ஓடும்போது பேட்டரியிலிருந்து 130 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். கேட்டாலே வயிற்றைக் கலக்கும் எண். ஆனால் மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் ஏழு ஆம்பியர்-மணிதான். 'அவ்வளவே செலவெனின், மைக்ரோவேவைப் போட்டவுடன் இன்வெர்ட்டர் கீச்சென்று அலறி அணைவது என்னை?' என்பது கடா. 1897-இல் ஜெர்மானிய அறிஞர் பாய்க்கெர்ட் வகுத்த விதி இதற்கு விடையில் பாதி: ஈயப் பேட்டரியிலிருந்து எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அதன் கொள்ளளவு சுருங்கும். அந்த 80 என்பதே இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல இழுத்தால் கிடைக்கும் கணக்கு. மறுபாதி இது: ஒரேயடியாக 130 இழுத்தால் வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் கைவிரித்துவிடும். பேட்டரி தீர்ந்துபோகவில்லை, மூச்சு வாங்குகிறது என்க.

உண்மைக் குற்றவாளி சோபாவுக்கு அடியில் இருக்கிறான்.

டிரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸ் புரோபேன் வாயுவில் எரிகிறது. 'அது காஸில்தானே ஓடுகிறது' என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போவது இதனால்தான். காஸ் எரிவது உண்மை. அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறி ஓடுவது பேட்டரியில். அது இழுப்பது சுமார் ஏழு ஆம்பியர். பாலைவனத்தில் பகல் எவ்வளவு இதமாக இருந்தாலும் ஜனவரி இரவு நடுக்கிவிடும். பத்து மணி நேர இரவில் விசிறி பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்பியர்-மணி காலி. கையிருப்பு 40. மாலையில் நாலு விளக்கு எரிந்திருக்கிறது, தண்ணீர்ப் பம்பு கொஞ்சம் ஓடியிருக்கிறது. மூன்று மணிக்கு ஏன் நிற்கிறது என்பதற்கு இனி வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஏழு நிமிடம் ஹேர் டிரையர் போட்டவர் ஊரறியத் திட்டு வாங்குகிறார். இரவெல்லாம் ஓடிய விசிறிக்குக் கிடைப்பதோ, 'நல்லா கதகதப்பா இருந்துச்சு' என்ற பாராட்டு.

தெர்மோஸ்டாட்டை இறக்கி வைத்துக் கூடுதலாக ஒரு கம்பளி போர்த்திக்கொள்வது ஒரு தீர்வு. விசிறி இல்லாத புரோபேன் ஹீட்டர் இன்னொன்று. அது பேட்டரியைத் தொடாது. ஆனால் அறையின் ஆக்சிஜனைத் தின்னும். ஜன்னலைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டும். அதை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. சூடு வெளியே போகாமல் இருக்க ஹீட்டர், ஹீட்டருக்காகத் திறந்த ஜன்னல். தத்துவ மாணவர்கள் இதைத் தனியே ஆராயலாம்.

சில்லறைத் திருடர்களும் உண்டு. காஸ் கசிவை மோப்பம் பிடிக்கும் கருவி, குளிர்சாதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, அணைத்தாலும் முழுக்க அணையாத ரேடியோ எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி. ஆளிருக்கும்போது காஸ் கருவியை மட்டும் கழற்றவே கூடாது. அது சம்பளம் வாங்கும் காவல்காரன்.

எல்லாவற்றிலும் சுவையான நிகழ்வு இனிமேல்தான். சிலர் டிரெய்லரின் மின்வயரை எடுத்துத் தங்கள் இன்வெர்ட்டரிலேயே செருகிவிடுகிறார்கள். உள்ளே எல்லாப் பிளக்கிலும் கரண்ட் வருகிறது என்று மகிழ்கிறார்கள். அந்த வண்டிக்குள் கன்வெர்ட்டர் என்றொரு சார்ஜர் இருக்கிறது. வெளிமின்சாரம் வந்துவிட்டது என்று நம்பி, அது கடமை தவறாமல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றத் தொடங்குகிறது. எந்தப் பேட்டரிக்கு? மின்சாரம் எங்கிருந்து வருகிறதோ அதே பேட்டரிக்கு. காஸில் ஓடிக்கொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டியும் 'ஆட்டோ'வில் இருந்தால், தானும் மின்சாரத்துக்கு மாறி முந்நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். கடனை அடைக்க அதே கடன்காரனிடம் வட்டிக்கு வாங்குவது போன்ற இந்த ஏற்பாட்டில், சுற்றுக்குச் சுற்று வெப்பமாகக் கரைந்து பேட்டரி சீக்கிரமே உயிரைவிடும். கன்வெர்ட்டரின் பிரேக்கரை முதலில் அணைத்து, குளிர்சாதனப் பெட்டியைக் காஸிலேயே நிறுத்திவிட்டால் தொல்லையில்லை.

சான்றுகளின் நம்பகத்தன்மைக்கு வருவோம். சுவரில் நான்கு சிறுவிளக்குகள் கொண்ட பலகை ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்தினால் பேட்டரி நிலையைக் காட்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது எத்தனை முறை அழுத்தினாலும் 'முழுசு' என்றே சொல்லும். பம்பு ஓடும்போது அழுத்தினால் பதறும். ஈயப் பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருக்கையில் மல்டிமீட்டர் வைத்து 12.7 வோல்ட் வந்தால் நிறைவு, 12.1 வந்தால் பாதி. லித்தியம் பேட்டரியில் இந்த வித்தையும் பலிக்காது. அது முக்கால்வாசி தீரும்வரை 13 வோல்ட்டுக்கு மேலேயே நின்று சிரித்துவிட்டுத் திடீரென்று விழும். போவதையும் வருவதையும் எண்ணிக் கணக்கெழுதும் ஷண்ட் மீட்டர் ஒன்றே நம்பத்தக்க சாட்சி.

எந்தப் பேட்டரி என்பதில் இரு பள்ளிகள். ஈயப் பள்ளியின் மூலவர் 1859-இல் அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் பிளாந்தே. இப்பள்ளியினர் கோல்ஃப் வண்டியின் 6 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 220 ஆம்பியர்-மணி பெறுவர். தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பர். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பள்ளி, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி குட்இனஃபின் குழு 1997-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளைத்தது. கட்டுரை ஆசிரியர்களில் நஞ்சுண்டசுவாமி, பாதி (Padhi) என்ற இந்தியப் பெயர்களும் உண்டு. இப்பள்ளியின் பேட்டரி நூறு ஆம்பியர்-மணி என்றால் ஏறத்தாழ நூறையும் தரும், எடையோ பாதிக்கும் கீழே. விலைதான் தலையில் குட்டும். மேலும் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே கெட்டுவிடும். குவார்ட்ஸைட்டில் அந்தக் கவலை குறைவு என்பதால், பணமிருந்தால் லித்தியம் என்பதே இவ்வாய்வின் முடிபு.

வரவைப் பற்றி. பாலைவனமாயிற்றே, சூரியனுக்கா பஞ்சம் என்று தோன்றும். டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறுகிறது. கூரையில் படுத்துக்கிடக்கும் சோலார் பலகைக்கு நேர்வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் கிட்டும். பலகையைச் சரித்து நிறுத்தினால் மீதியும் வரும். அதற்கு ஏணி, முழங்கால் இரண்டும் நன்றாயிருக்க வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதைக் காலையில் போடுவதே நலம். ஈயப் பேட்டரி எண்பது சதவீதம் வரை வேகமாக வாங்கிக்கொள்ளும். கடைசி இருபதுக்கு மணிக்கணக்கில் பிகு பண்ணும். அந்த இருபதுக்காகப் பெட்ரோல் எரித்து அக்கம்பக்கத்தாரைப் பகைப்பதைவிட, அதைச் சூரியனிடம் விட்டுவிடலாம்.

குவார்ட்ஸைட் ஊரில் பிரமிடு வடிவில் ஒரு கல்லறை உண்டு, உச்சியில் ஒட்டகம். அமெரிக்க ராணுவம் 1850-களில் ஒட்டகங்களைக் கொண்டுவந்து சோதித்தபோது உடன்வந்த ஹாஜி அலி அங்கே உறங்குகிறார். ஹை ஜாலி என்பது ஊர்க்காரர்கள் வாயில் அவர் பெயர். பேட்டரியின்றிப் பாலைவனத்தைக் கடந்தவருக்கு மரியாதை செய்ய அங்கே போகிறவர்களும், வண்டியைச் சரியாக அணைத்துவிட்டுப் போவது நல்லது.

ஏனென்றால் அந்த அரை ஆம்பியர் சில்லறைத் திருட்டு, ஆளில்லாத டிரெய்லரின் முழுப் பேட்டரியையும் ஒரே வாரத்தில் துடைத்துவிடும். ஓடும்போது கொக்கி கழன்றால், டிரெய்லரின் அவசர பிரேக்கைப் பிடிப்பதும் அதே பேட்டரிதான். வண்டியைக் கிடப்பில் போடும்போது பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். மறுபடி இழுத்துப் புறப்படுமுன் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.