போத்தலைக் கொஞ்சம் ஓரமா வையிடா, பேராண்டி

வாடா பேராண்டி. கையில லவன்டர் போத்தல், தோள்ல புதுத் துவாய். பண்டாரவளையில இறங்காம நேரா எல்ல டவுனுக்குப் போய், வெள்ளைக்காரனுக்கு உடம்பு புடிச்சுவிடுற கடையில சேந்துட்டியோன்னு பயந்தே போனேன். இல்லையாம். அப்பாயிக்கு அரோமாதெரபி செய்யப் போறியாம். செய்யி, நல்லாச் செய்யி. உன் அப்பாயி, நாப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளுன எங்க அக்கா, அவ காலை ஒருநாள் புடிச்சுவிட இந்த வீட்டுல எவனுக்கும் நேரம் வரல. புத்துநோய்னு டாக்டர் சொன்ன பொறகுதான் உனக்கு யோசனை வந்துருக்கு. தோட்டத்துல காலைப் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கும் அரைநாள் பேராவது போடுவாங்க. உனக்கும் போட்டாச்சு.

ஆனா உன் அப்பாயி வாசத்துக்குப் புதுசுன்னு நெனைக்காதே. ஊவாத் தேயிலைக்கு ஏலத்துல பேரு வாங்கிக் குடுக்குறதே, ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற காஞ்ச காத்துல கொழுந்துக்குள்ள ஏறுற வாசந்தான். அதுல மெதில் சாலிசிலேட்னு ஒரு சரக்கு இருக்கு. வலித் தைலத்தைத் திறந்தா மூக்கைத் துளைக்குதே, அதே சரக்கு. உன் லவன்டர்ல இருக்குற லினலூலும் தேயிலையில உண்டு. ஆக, அவ ஆயுசு பூரா அரோமாதெரபிக்கு நடுவுலதான் நின்னிருக்கா. அதுக்கு அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது 2024லதான். எல்ல டவுன்ல அரோமாதெரபின்னு போர்டு மாட்டியிருக்குறவன் ஒரு மணித்தியாலத்துக்கு என்ன கேக்குறான்னு நீயே விசாரிச்சுக்கோ.

இந்தத் தடவலால நோய் தீருமான்னு கேட்டா, தீராது. தீரும்னு சொல்றவனைத் தவறணைப் பக்கம் அனுப்பி விடு, அந்தப் பேச்சு அங்கதான் எடுபடும். 2007ல இங்கிலாந்துல 288 புத்துநோயாளிங்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கத்தாருக்கு மட்டும் வாரம் ஒருக்கா, நாலு வாரம் வாசனை எண்ணெய் தடவிப் பார்த்தாங்க. ஆறாவது வாரத்துல அவங்களுக்கு மனக்கலக்கம் குறைஞ்சிருந்துச்சு. பத்தாவது வாரத்துல ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ஒண்ணுதான். 2016ல காக்ரேன் ஆளுங்க 19 ஆய்வை அலசிட்டு, அடிச்சுச் சொல்ற அளவுக்குச் சாட்சி இல்லன்னு எழுதி வச்சாங்க. எனக்கு விளங்கினது இதுதான்: கையை எடுத்தா சுகமும் போயிரும். நீ ஞாயித்துக்கிழமை தடவிட்டு, திங்கக்கிழமை உடரட்ட மெனிக்கே ரயில்ல ஏறிக் கொழும்புக்குப் போயிட்டா, மிச்ச நாளுக்கு யாரு? உன் தங்கச்சிக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போ.

எங்க, கலக்கிக் காட்டு பார்ப்போம். அட பாவி, போத்தலையே கவுத்துறியே! முப்பது மில்லி தேங்காயெண்ணெய்க்கு ஆறு சொட்டு போதும். தோல் மெலிஞ்சு கிடக்குறவளுக்கு அதுலயும் பாதி போடு. முழங்கை மடிப்புல தொட்டு வச்சு ஒரு நாள் பொறு. அதுக்கும் முந்தி அவ மூக்குக்கிட்ட நீட்டிக் கேளு. மருந்து ஏத்துன வாரத்துல சோறு வேகுற வாசமே குமட்டும். உன் லவன்டருக்கு அவ வாந்தி எடுத்தா இஸ்தோப்பைக் கழுவப் போறது நீதான். வேணாம்னா மூடி வச்சுட்டு வெறும் தேங்காயெண்ணெயைத் தடவு. பக்கத்துக் காம்பராவுல இளைப்புக்காரன் வேற இருக்கான். நம்ம லயத்துச் சுவரு கூரை வரைக்கும் போறதில்ல. நீ இங்க திறந்தா அவன் அங்க இருமுவான். போத்தலைப் புள்ளைங்க கைக்கு எட்டாம வையி. யூக்கலிப்டஸ் தைலத்தைக் குடிச்ச புள்ளைக்கு வலிப்பே வரலாம்.

கரண்ட் வச்ச, அதாவது கதிர்வீச்சுக் குடுத்த, தோல்ல டாக்டர் சொல்லாத எதையும் பூசாதே. கட்டி இருக்குற இடத்தையும் ஊசி மாட்டுன இடத்தையும் தொடாதே. நோய் எலும்புக்கு இறங்கியிருந்தா முதுகை அமுக்குற பேச்சே வேணாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, கெண்டைச்சதை வலிச்சா அது ரத்தக்கட்டியா இருக்கலாம். தேய்ச்சா அது நுரையீரலுக்கு ஓடி ஆளையே கொன்னுரலாம், நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. வாஃபரின் குளிசை போடுறவங்களுக்கு வலித் தைலத்தை அள்ளி அள்ளிப் பூசினா உள்ளுக்குள்ள ரத்தம் கசியலாம். அப்பாயி என்ன குளிசை போடுறான்னு கேட்டியா? கேக்கல. லவன்டர் எந்த நாட்டு லவன்டர்னு மட்டும் கேட்டு வாங்கியிருக்கே, கெட்டிக்காரன்!

கையில இருந்து தொடங்கு. அந்தப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் பாரு. வெடிப்புக்குள்ள கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போயி ரேகையையே காணோம். உச்சந்தலையில கூடைக் கயிறு இழுத்து இழுத்து முடி தேஞ்ச தடம் இருக்கு. அங்க அமுக்காதே, எண்ணெயை மெல்ல வழிச்சு விடு. பத்து நிமிஷம் போதும். போனை அந்தப் பக்கம் வையி. அவ தூங்கிட்டா குறட்டையை வீடியோ எடுத்துக் கூட்டாளிங்களுக்கு அனுப்பாதே. வலி கூடினா மட்டும் எண்ணெயை வச்சுச் சமாளிக்கச் சொல்லாதே. அதுக்கு மோர்ஃபின் இருக்கு, டாக்டர்கிட்ட வாய் திறந்து கேளு.

வியாழக்கிழமை பதுளையில கிளினிக். கொப்பியை எடுத்துக்கிட்டு நீ கூடப் போ. தடவலாமா, எங்க தொடக்கூடாதுன்னு நீயே விசாரி. டாக்டர் சிங்களத்துல சொல்றது அவளுக்குப் பாதி விளங்குறதில்ல, எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துருவா. உனக்குக் கொழும்புச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. லவன்டரை விட அதுதான் இப்ப அவளுக்குத் தேவை.