ஏரி வாரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: உத்திரமேரூர்வாசி ஒருவன் (வீடு உண்டு, அதற்குச் சக்கரம் இல்லை)

பெறுநர்: ஏரி வாரியப் பெருமக்கள், மகாசபை, உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம், பஸ் ஸ்டாண்டு அருகில்

பொருள்: கேரவன் வண்டி ஒன்றை இரண்டு இரவு நிறுத்த இடம் கோருதல் தொடர்பாக

பார்வை: முதலாம் பராந்தகரின் 12 மற்றும் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921)

பெருமக்களே,

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கூடிய சபைக்கு இன்றைக்கு மனுப் போடுகிறானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள். உயிரோடிருக்கும் அலுவலகங்களில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஓரிடத்தில் "வண்டி விஷயமா? அது எங்க கிட்ட இல்ல" என்றார்கள். வண்டி விஷயம் பார்க்கிற இடத்தில் "உள்ளே கட்டில், கக்கூஸ் எல்லாம் இருக்குதே, இது லாட்ஜ் கணக்கு" என்றார்கள். உங்களிடம் அந்தத் தொல்லை இல்லை. விதிகளைக் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறீர்கள். 'சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க' என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை.

விஷயம் இதுதான். சென்னையில் இருக்கும் என் தங்கை மகன் வரும் மார்கழியில் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, மனைவி, பிள்ளைகள், என் தங்கை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வருகிறான். பிள்ளைகளுக்கு வேடந்தாங்கல் பறவை பார்க்க வேண்டும். அவனுக்கு ஏரிக்கரையில் முகாம் போட வேண்டும். "மாமா, ரூமெல்லாம் வேணாம். நாங்க வீட்டோடவே வர்றோம். நீங்க இடம் மட்டும் காட்டுங்க" என்றான். இடம் மட்டும்! தமிழ்நாடு அரசு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் முன்னுரிமைப் பிரிவுகள் 12. அதில் கேரவன் சுற்றுலாவும் ஒன்று. பக்கத்துக் கேரளம் 2021-லேயே இதற்கென்று தனிக் கொள்கை போட்டு, அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பூங்கா திறந்துவிட்டது. எங்கள் ஊருக்குக் கொள்கை வந்துவிட்டது, வண்டியும் வந்துகொண்டிருக்கிறது. நிறுத்துமிடத்தை மட்டும் தாய்மாமன் சீராக நான் செய்ய வேண்டியிருக்கிறது.

மனுவுக்கு முன் அவனுடைய தகுதியை உங்கள் விதிப்படி சரிபார்த்தேன். வாரியத்துக்குக் குடத்தில் போடும் ஓலையில் பெயர் எழுத, வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். அவனிடம் பால்கனியில் நாலு தொட்டி இருக்கிறது. சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். இந்த வீட்டின் மனையோ மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும். வயதும் இடிக்கிறது. 919-இல் முப்பது முதல் அறுபது என்றீர்கள், 921-இல் முப்பத்தைந்து முதல் எழுபது என்று திருத்தினீர்கள். இரண்டே ஆண்டில் அரசாணைத் திருத்தம். நம்மூர் நிர்வாகத்தின் பழமை புரிகிறது. கழுதை ஏறியவர்களை விலக்கியிருக்கிறீர்கள். குட்டியானை ஏறியவர்களைப் பற்றி விதியில்லை. அது எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நல்லதாயிற்று. வேதமும் நிலமும் இல்லாதவர்களும் பெண்களும் உங்கள் குடத்தின் பக்கமே வர முடியாது என்பதையும் படித்தேன். அதனால் இந்த மனுவில் என் தங்கையின் பெயரை எழுதவில்லை. ஆனால் முகாமில் முடிவெடுக்கப்போவது அவள்தான், பின்னால் வருத்தப்படாதீர்கள்.

சாமான் பட்டியலுக்கு வருகிறேன். மருமகன் அனுப்பியதில் ஏர் ஃப்ரையர், புரொஜெக்டர், அதற்கொரு திரை, புளூடூத் ஸ்பீக்கர், மடக்கு நாற்காலிகள், கரி அடுப்பு, அந்த அடுப்பு முன்னால் நின்று படம் எடுக்க ஒரு வளைய விளக்கு. தங்கையின் பட்டியல் தனி: டேபிள் டாப் கிரைண்டர், இட்லிக் குண்டான், மூன்று குக்கர், ஊறுகாய் ஜாடிகள், விருந்தாளி வந்தால் விரிக்க நாலு பாய். எதைக் கேட்டாலும் "எதுக்கும் இருக்கட்டும்ணே". வண்டியில் உட்கார்கிற சோபாவே ராத்திரி கட்டில், பகலில் சாப்பாட்டு மேசை. நம்மூர் சுந்தர வரதராஜப் பெருமாள் நிற்கவும் இருக்கவும் கிடக்கவும் மூன்று தளத்தில் விமானம் கட்டிக் கொடுத்தவர்கள் நாம். அதே மூன்றையும் ஐந்து மனிதர்கள் ஒரே பலகையில் செய்யப்போகிறார்கள், நடுவில் கிரைண்டர்.

இரண்டு பட்டியலிலும் இல்லாதவற்றை நான் எழுதி அனுப்பினேன். சக்கரத்துக்குக் கொடுக்க நாலு கட்டை, அடியில் போட இரண்டு பலகை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், நீளமான ஓஸ் பைப், ஏசியின் சுமை தாங்குகிற தடித்த ஒயர், டார்ச், கயிறு, தார்ப்பாய், மண்வெட்டி. "இதெல்லாம் எதுக்கு மாமா, நாங்க என்ன வீடு கட்டவா வர்றோம்?" என்றான். கனமானதை அடியில், அச்சுக்குப் பக்கத்தில் வை. கூரை மேல் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும் என்றேன். இதை நெல் மூட்டை ஏற்றுகிற எந்த லோடுமேனும் சொல்வார். இட்லி மாவை மட்டும் புளித்த பிறகு ஏற்றாதே, இங்கே நான் அரைத்து வைக்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறேன். மூடிய டப்பாவில் பொங்கும் மாவும், கல்குவாரி டிப்பர்கள் போட்டுக் கொடுத்த பள்ளங்களும் சேர்ந்தால் வண்டிக்குள் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

எதை எடுத்து வைப்பது என்று இவர்கள் கைப்பேசியில் தேடுகிறார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போனால் கல்லிலேயே படிக்கலாம். அங்கே பெருமாள் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு, பதினைந்து படுக்கை ஆதுரசாலைக்கு வைத்தியர் யார், அறுவை செய்பவர் யார், எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. ஸ்பீக்கர் ஒன்றும் அதில் இல்லை.

இடத்துக்கு வருகிறேன். முகாமை முதலில் பாலாற்று மணலில் போடலாம் என்றான் மருமகன். வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் மணல்தான், அழகான மட்டம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததைப் பார்த்தவர்கள் அந்த மட்டத்தை நம்ப மாட்டார்கள். அடுத்து நம்மூர் ஏரியான வயிரமேகத் தடாகத்தின் கரை. மழைக்குப் பின் கரை மண் ஊறிக் கிடக்கும். சமையலறையும் குளியலறையும் சுமந்த வண்டி ராத்திரியோடு ராத்திரியாக அச்சு வரை இறங்கிவிடும். அது உங்கள் காலத்திலேயே ஆறு பேர் வாரியம் 360 நாள் பார்த்துக்கொண்ட கரை. அதில் சக்கரத் தடம் போட்டுவிட்டு உங்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டாமா?

சரி, என் நிலத்து மோட்டார் கொட்டகைப் பக்கம் நிறுத்து என்றேன். "சூப்பர் மாமா, அங்கேயிருந்தே ஏசிக்கு லைன் எடுத்துக்கலாம்" என்றான். விவசாயத்துக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தில் மருமகனுக்குக் குளிரூட்டினால் எனக்கு வேறு இடத்தில் அறை ஒதுக்குவார்கள். அதற்கு முன்பதிவும் வேண்டாம். தண்ணீர்க் கணக்கும் பார்த்தோம். வண்டியின் தொட்டி நூறு லிட்டர். ஐந்து பேர், தலைக்கு ஒரு வாளி என்றால் காலைக் குளியலோடு தொட்டி காலி. அந்தத் தண்ணீர் எல்லாம் அடியில் இன்னொரு தொட்டிக்குப் போகும். கக்கூஸுக்கு மூன்றாவது தொட்டி. அது நிறைந்தால் எங்கே கொட்டுவது என்று கேட்டேன். லைனில் அவன் குரல் கேட்கவில்லை. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கொள்கை எழுதுகிறவர்கள் முகாம் என்றால் தெரியவேண்டிய பாடத்துக்கு எங்கேயும் போக வேண்டாம். அறுவடை முடிந்ததும் எங்கள் வயல்களுக்கு வரட்டும். வாத்துக்காரர்கள் வருவார்கள். மேடான வரப்போரம் பார்ப்பார்கள், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள், வலையைச் சுற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, மூன்று கல் கூட்டினால் குடும்பம் இறங்கிவிடும். ஓர் அலுமினியக் குண்டான், ஒரு டார்ச், இரண்டு போர்வை. ஆட்டுக்கிடை போடுகிறவர்களும் அப்படித்தான். அவர்கள் கிளம்பும்போது நிலத்துக்காரர் நெல்லோ பணமோ கொடுத்து அனுப்புவார், புழுக்கை எரு அவருக்கு லாபம். கேரவன்காரர் விட்டுப் போகிற எருவுக்கு யார் நெல் கொடுப்பார்? ஆனால் கிடைக்காரர் புறம்போக்கில் ஒரு வாரம் தங்கினால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. ஏசி வண்டியில் வந்து அதே இடத்தில் தங்கினால் அனுபவச் சுற்றுலா.

இன்னொரு சங்கடமும் உண்டு. கேரவன் வருகிறது என்று டீக்கடையில் தெரியாமல் சொல்லிவிட்டேன். "உள்ள யாரு, ஹீரோவா ஹீரோயினா?" என்று நாள் தவறாமல் விசாரிக்கிறார்கள். என் தங்கை என்றேன். நம்பவில்லை.

பல யோசனைக்குப் பிறகு ஒன்று தோன்றியது. மட்டமான சிமெண்ட் தரை, போர் தண்ணீர், கமர்ஷியல் கரண்ட், ஜெனரேட்டர், வரிசையாகக் கழிப்பறை, அதற்கு முறையான செப்டிக் டேங்க், ராத்திரிக்கு வாட்ச்மேன். இத்தனையும் ஒரே இடத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பது கல்யாண மண்டபத்தில்தான். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. மண்டபங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும், பறவைகள் வேடந்தாங்கலில் இருக்கும், வெயிலும் இறங்கியிருக்கும். திருப்பாவை ஒலிபெருக்கி விடியற்காலையில் எழுப்பிவிடும் என்பதால் அலாரம் மிச்சம். வாகமனில் புதிதாகக் கட்டியதை நாம் மாவட்டம் முழுக்க ஏற்கெனவே கட்டி, வாசலில் வாழைமரமும் கட்டிப் பழகியிருக்கிறோம். எந்தக் கொள்கையிலாவது இதற்கு ஒரு வரி எழுதக்கூடாதா?

ஆகவே பெருமக்கள் தயைகூர்ந்து உத்திரமேரூர் மண்டபங்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டுகிறேன். சீட்டெடுக்க விவரம் அறியாத சிறுவன் வேண்டும் என்பது உங்கள் விதி. மருமகனின் இளைய பையன் வருகிறான். அவன் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிவைக்கும் பொறுப்பு மட்டும் சபையைச் சேர்ந்தது. முகாம் முடிந்ததும் தண்ணீர், கரண்ட், டேங்க் கணக்கை நான் ஒப்படைப்பேன். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவுமுறையையும் நீங்கள் சேர்த்து விலக்குவீர்கள் என்று தெரியும். உறவுமுறையில் நான் தாய்மாமன்.

இப்படிக்கு,
தங்கள் ஊர்க்காரன்

நகல்:
1. சுற்றுலாத் துறை (தகவலுக்காக)
2. மண்டப மேனேஜர் (மேளம், மணமேடை, சீர்வரிசை எதுவும் வேண்டாம், வாடகையில் கழித்துக்கொள்ளவும்)