அகக்காழ் ஆராய்ச்சி: மன்னார்குடி வட்டாரத்தில் விறகு தேடலும் பிளத்தலும்

வீட்டு அடுப்புக்கான விறகு வைரம் பாய்ந்த மரத்திலிருந்து வர வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி. மேலைத் தாவரவியல் அகன்ற இலை மரங்களையெல்லாம் வன்மரம் என்று ஒரே பட்டியலில் அடைத்துவிடுகிறது. அந்தக் கணக்கில் முருங்கையும் வன்மரமாகிவிடும். முருங்கைக் கிளையில் ஒருமுறை ஏறிப் பார்த்தவர்களிடம் இதைச் சொல்ல முடியாது. தொல்காப்பிய மரபியல் இன்னும் கறாரானது. வைரம் உள்ளே இருந்தால் அகக்காழ், அது மரம்; வெளியே இருந்தால் புல். அதன்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல். இலக்கணம் படிக்காத கோடாலியும் இதே முடிவுக்குத்தான் வருகிறது.

மன்னார்குடிக்குத் தலபுராணம் கொடுத்த பெயர் செண்பகாரணியம். இன்று அந்தப் பெயரில் மட்டும்தான் காடு இருக்கிறது. பாமணியாற்றுக்கு இரு கரையிலும் கண்ணுக்கெட்டியவரை வயல். மாவட்டத்தின் பேர்சொல்லும் காடு முத்துப்பேட்டை அலையாத்தி. அது உப்புத் தண்ணீரில் நிற்கிறது, வனத்துறையின் காவலில் இருக்கிறது. எனவே இவ்வட்டாரத்தில் விறகு தேடுவதென்றால் காட்டுக்குப் போவதில்லை. அடுத்தவர் கொல்லையில் நிற்கும் மரத்தை ஆண்டுக்கணக்கில் கண்காணித்து வருவதுதான். கண்காணிப்பு முற்றியதும் விசாரணை தொடங்கும். "பெரியப்பா, அந்த வாகை வீட்டுப் பக்கமா சாஞ்சு நிக்குதே, ஐப்பசி மழைக்குத் தாங்குமா?" கேட்பவருக்குப் பெரியப்பா வீட்டு ஓடுகளைப் பற்றித்தான் கவலை என்று எடுத்துக்கொள்வது மரபு. "நிக்கட்டும்டா, உன் தாத்தா வச்சது" என்றால் மறுப்பு. "வெட்ட ஆளு கிடைக்கலயே" என்று பதில் வந்தால் கொள்கையளவில் சம்மதம். கிளை உனக்கு, அடிமரம் எனக்கு என்ற பேச்சு அடுத்த கட்டம்.

யாரையும் கேட்காமல் வெட்டக்கூடியது சீமைக் கருவை ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்து வாய்க்கால் கரைகளில் நிரந்தரமாகக் குடியேறிய இம்மரம் அரைகுறை ஈரத்திலும் எரியும். முள்தான் கூலி கேட்கும். சவுக்கு கடற்கரை மணலிலிருந்து வருவது. கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்புக்குச் சமையல்காரர்கள் விரும்பிக் கேட்பது. அதைப் பச்சையாகவே பிளந்துவிட வேண்டும், காய்ந்தால் இரும்பு. ஒதியன் பருமனைக் காட்டி ஏமாற்றும். அரசங்குச்சி சமித்தாக ஹோமத்துக்குப் போகும், அடுப்புக்கு வராது. புளிதான் இத்துறையின் முதுகலைப் பாடம். நார் நேராக ஓடாமல் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கிடப்பதால், எந்தப் பக்கம் அடித்தாலும் வேறு பக்கம் வெடிக்கும்.

இலக்கணக் கோட்பாடு பெரிய அளவில் சோதிக்கப்பட்டது 2018 நவம்பர் 16 அதிகாலையில். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தோப்புக்காரர்களுக்கு அது பிழைப்பே போன நாள். அதில் வேடிக்கை ஏதுமில்லை. விறகியல் நோக்கில் ஒரு குறிப்பு மட்டும்: அத்தனை விழுந்தும் நல்ல விறகு பெருகிவிடவில்லை. தோப்புகளில் கிடந்ததெல்லாம் புல். தென்னையின் மட்டையும் பாளையும் காய்ந்தால் எரியும். தண்டின் புறம் இரும்பு, நடுப்பகுதி மழைநீரில் ஊறிய பஞ்சு. அதில் இறங்கிய கோடாலி பிளக்காது, மாட்டிக்கொள்ளும்.

பிளக்கும் பருவத்தை நெல் முடிவு செய்கிறது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை ஆளும் வெயிலும் சேர்ந்து கிடைக்கின்றன. மரம் அறுக்கும் மிஷின் வந்து அடிமரத்தை ஒன்றரை அடித் துண்டுகளாகப் போட்டுவிட்டுப் போகும், பிளப்பது கைவேலை. துண்டை நிறுத்தி, வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மயிரிழை வெடிப்பைத் தேட வேண்டும். கணு இல்லாத பக்கத்து வெடிப்பில் கோடாலியை ஊன்றி, பிளவு வாய் திறந்ததும் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். முதல் அடியில் ஓசை கணீரென்று இருக்கும். நாலாவது, ஐந்தாவது அடியில் அது மந்தமானால் உள்ளே நார் விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். அனுபவசாலி அந்த இடத்தில் அடிப்பதை நிறுத்தி வெற்றிலை போடுவார். சிராய் பொறுக்க நிற்கும் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வதும் அப்போதுதான். பக்கத்துத் திண்ணையிலிருந்து ஆலோசனை சொல்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் தவிர்க்க முடியாத இடம் உண்டு. அவர்களில் யாரும் கோடாலி தூக்கியதாகச் சான்று இல்லை.

புதிதாக வெட்டிய கட்டையின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். விறகுவாடியில் மணங்குக் கணக்கில், அதாவது எட்டு வீசை, பதினொரு கிலோ சொச்சத்துக்கு விலை பேசிய காலத்தில், ஈரவிறகு வாங்கியவர் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுத்தார். வெறும் வெப்பக் கணக்கில் 14.2 கிலோ காஸ் சிலிண்டருக்கு ஈடாகக் காய்ந்த விறகு நாற்பது கிலோவுக்குச் சற்று மேல் போதும். ஆனால் பழைய மண் அடுப்பு பாத்திரத்துக்குக் கொடுப்பது பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான்; மிச்சம் சுவருக்கும் ஊதுகுழல் பிடித்தவரின் கண்ணுக்கும். அதனால் சமையல் காஸுக்கு மாறி, விறகு கொல்லைப்புற வெந்நீர் அடுப்போடு நின்றுகொண்டது.

பிளந்ததைப் புரட்டாசிக்குள் தாழ்வாரத்தில், தரையில் படாமல் இரண்டு மட்டைகளின்மேல் அடுக்க வேண்டும். மழை பிடித்தபின் அடுக்கின் மேல்வரிசை விறகுக்கு, அடிவரிசை தேளுக்கும் கட்டுவிரியனுக்கும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். கையை விடுமுன் ஒரு கட்டையால் தட்டி அறிவிக்க வேண்டும். எரிந்த சாம்பல் பாத்திரம் தேய்க்கவும் வாழை அடிக்கும் போகும்.

கடைசியில் புளியின் வேர்முண்டு ஒன்று எஞ்சும். முழுக்க வைரம், முழுக்கக் கணு. தொல்காப்பிய விதிக்கு இதைவிடத் தூய்மையான எடுத்துக்காட்டு கிடையாது. மூன்று கோடைகளில் மூன்று பேர் அதில் ஆப்பை முறித்தபின், வெந்நீர் அடுப்புக்கு எதிரே அதை உருட்டிப் போட்டு, உட்கார்ந்து தீத் தள்ளப் பயன்படுத்துவார்கள்.