வெள்ளி டாலரில் படியும் வண்ண அழுக்கும் அதற்குச் சான்றிதழ் வாங்குதலின் பொருளியலும்: ஓர் ஆய்வு

வெள்ளி கறுக்கும். இதை நிறுவ ஆய்வு தேவையில்லை. எந்த வீட்டுப் பூஜை அலமாரியும் சாட்சி சொல்லும். ஆனால் கறுப்பதற்கு முன்னால் அது சில காலம் பொன்மஞ்சளாகவும் ஊதாவாகவும் மயில்கழுத்து நீலமாகவும் இருந்துவிட்டுத்தான் போகிறது என்பதும், அந்த நிலையில் பிடிபட்ட காசுக்கு அமெரிக்காவில் பளபளப்பான காசைவிடக் கூடுதல் விலை உண்டு என்பதும், அந்த விலையைக் கேட்டு வாங்க ஒரு பிளாஸ்டிக் உறை வேண்டியிருக்கிறது என்பதும், எந்தக் காசை உறைக்கு அனுப்புவது, எதை மேசை இழுப்பறையிலேயே விட்டுவைப்பது என்று தெரியாமல் வயதில் மூத்தவர்கள் தூக்கம் கெடுகிறார்கள் என்பதும் தமிழ் ஆய்வுலகின் கவனத்துக்கு உரிய அளவில் வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுப்பது மரபு. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது பழைய மார்கன் டாலர் மட்டுமே. 1878 முதல் 1904 வரையிலும், பிறகு ஞாபகம் வந்தாற்போல 1921இலும் அச்சான அமெரிக்க ஒரு டாலர், எடை 26.73 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. உருவம் செதுக்கிய ஜார்ஜ் மார்கன் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர். செப்புக் காசுகளை இவ்வாய்வு தொடவில்லை. தொட்டால் கைரேகை படியும்.

மார்கன் டாலரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் காசை யாரும் கேட்கவில்லை. வெள்ளிச் சுரங்கக்காரர்களின் செல்வாக்கில் 1878இல் நிறைவேறிய சட்டம், மாதந்தோறும் இருபது லட்சம் டாலருக்குக் குறையாமல் வெள்ளி வாங்கிக் காசடிக்கும்படி கருவூலத்துக்குக் கட்டளையிட்டது. வாங்கினார்கள், அடித்தார்கள். செலவழிக்கத்தான் ஆளில்லை. ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டி நிலவறைகளில் அடுக்கினார்கள். 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டத்தைக் காட்டி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியும் பார்த்தார்கள், அப்படியும் தீரவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஒரு டாலர் நோட்டைக் கொடுத்தால் ஒரு வெள்ளி டாலர் என்று மூட்டை மூட்டையாக வெளியே போயிற்று. 1964 மார்ச்சில் கருவூலம் விழித்துக்கொண்டு கதவைச் சாத்தியது. இப்படி இரண்டு மூன்று தலைமுறைக்காலம் பையின் துணியோடு உரசிக்கொண்டு கிடந்த காசுகளில்தான் இன்று சேகரிப்பாளர் உயிரை விடும் வண்ணங்கள் உள்ளன. அரசாங்க அலட்சியம் அழகு சேர்த்த அரிய நிகழ்வாக இதைப் பதிவு செய்யலாம்.

வேதியியல் எளிது. துணியிலும் அட்டையிலும் காகிதத்திலும் காற்றிலும் கந்தகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகி, மிக மெல்லிய படலமாகக் காசின் மேல் உட்காருகிறது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் அடிபட்டுப்போக, மிஞ்சியது நம் கண்ணுக்கு வருகிறது. மழை பெய்த தார்ச்சாலையில் டீசல் சிந்தினால் தெரிவதும் இதே விதிப்படிதான். ஆக, நாம் நிறம் என்று பார்ப்பது தடிமனை. படலம் தடிக்கத் தடிக்க நிறங்கள் வரிசையாக வரும்: வைக்கோல் மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம், அதன்பின் சற்று வெளிறி மறுபடியும் மஞ்சள், இளஞ்சிவப்பு, இம்முறை பச்சையும். கடைசியில் கறுப்பு. முதல் சுற்றில் நல்ல பச்சை வராது என்பதை மனத்தில் இருத்துக. பின்னால் பணம் மிச்சமாகும்.

இனி, இத்துறையின் மாபெரும் தத்துவச் சிக்கல். காசில் இருப்பது தானாக ஏறிய நிறமா, ஏற்றிய நிறமா? வேதியியலைக் கேட்டால் இரண்டும் வெள்ளி சல்பைடுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். எனவே கேள்வி ஒழுக்கவியலின் கைக்கு வருகிறது. 1930களின் அட்டை ஆல்பத்தில் ஒரு காசு ஐம்பது வருடம் கிடந்து விளிம்பில் நீலம் கட்டினால் இயற்கை. இதில் யாருக்கும் ஐயமில்லை. அதே ஆல்பத்தை ஒருவர் தேடி வாங்கி, காசைச் செருகி, ஈரம் அடிக்கும் நிலவறையில் வேண்டுமென்றே ஐந்து வருடம் விட்டுவைத்தால்? ஜன்னலோரம் பழுப்பு உறைக்குள் ஒரு கோடை முழுக்க வெயில் காட்டினால்? அவித்த முட்டையோடு ஒரே டப்பாவில் ஓரிரவு? கந்தகக் கரைசலில் முக்கியெடுத்த பத்து விநாடி? ஒரு குறிப்பிட்ட துரித உணவுக் கடையில் தரும் காகிதக் கைத்துடைப்பான் நன்றாக வண்ணம் ஏற்றும் என்றொரு செவிவழிச் செய்தியும் அமெரிக்கச் சேகரிப்பாளரிடையே உலவுகிறது. கடையின் பெயரை இவ்வாய்வு வெளியிடாது, கூட்டம் கூடிவிடும்.

குற்றம் செயலில் இருக்கிறதா, நோக்கத்தில் இருக்கிறதா? கூர்ந்து பார்த்தால் அது அவசரத்தில்தான் இருக்கிறது. பத்து விநாடியில் செய்தவன் மோசடிக்காரன். பத்தாண்டு காத்திருந்து அதையே செய்தவன் சேகரிப்பாளன். தரமிடும் நிறுவனங்களும் இந்தச் சிக்கலில் முட்டி மோதிவிட்டு, கடைசியில் ‘சந்தை ஏற்கும் நிறம்’ என்ற முடிவில் வந்து இளைப்பாறுகின்றன. கடவுள் உண்டா என்று கேட்டதற்குக் கோயிலில் கூட்டம் உண்டு என்று பதில் சொன்ன மாதிரி.

முன்னாய்வுகளைச் சுட்டாமல் போனால் தேர்வாளர் கோபிப்பார். 1 முதல் 70 வரையிலான தர அளவுகோலை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக அதைச் செய்தார். 70ஆம் தரக் காசு, 1ஆம் தரக் காசைப் போல எழுபது மடங்கு விலை பெறும் என்பது கணக்கு. விலைகள் விரைவிலேயே கணக்கை விட்டு ஓடிப்போயின; எண் மட்டும் நின்றுவிட்டது. ஷெல்டனின் தொழில் உளவியல். மனிதர்களை ஒல்லி, பருமன், கட்டுடல் என்று பிரித்து, உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர். அதற்காகக் கல்லூரி மாணவர்களை நிர்வாணமாக நிறுத்திப் படமெடுத்து ஆளாளுக்கு எண் போட்டார். மனிதருக்குப் போட்ட எண்ணை அறிவியல் கைகழுவியது; காசுக்குப் போட்ட எண்ணை உலகமே பிடித்துக்கொண்டது. நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகத்தில் இருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் மட்டமானவற்றை வைத்தவர் இவர்தான் என்பது இவர் மறைவுக்குப் பிறகு அம்பலமாயிற்று. தரம் பிரித்து அறியத் தெரிந்தவர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் கடை விரித்தன. காசை அனுப்பினால் பார்த்து, எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள்; உறைக்கு வழக்குப் பெயர் ஸ்லாப். புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை. நிறத்தின் மேல் சந்தேகம் வந்தால் எண் கிடைக்காது. பி.சி.ஜி.எஸ்.ஸில் அதற்கு 91 என்ற குறியீடு, அதாவது ஐயத்துக்குரிய நிறம். அனுபவமற்றவர் அதை மதிப்பெண் என்று நினைத்துச் சந்தோஷப்பட வாய்ப்பிருக்கிறது. என்.ஜி.சி. தன் பங்குக்கு, கண்ணைப் பறிக்கும் காசுகளுக்கு எண்ணோடு ஒரு நட்சத்திரமும் தருகிறது. 2007இல் சி.ஏ.சி. வந்தது: தரமிட்டது சரிதானா என்று பார்த்து, சரியென்றால் உறைமேல் பச்சை ஒட்டுவில்லை. தொடங்கியவர் ஜான் அல்பனீஸ்; என்.ஜி.சி.யைத் தொடங்கியவரும் அவரே. பிறகு 2023இல் சி.ஏ.சி.யும் தானே தரமிட இறங்கிவிட்டது. 91 வாங்கிய காசை உறையிலிருந்து உடைத்தெடுத்து மறுபடி அனுப்பினால் 64 போட்டு வருவதும் இத்துறையில் நடப்பதுதான். காசு அதே காசு. பார்த்த கண் வேறு, அல்லது அதே கண்ணுக்கு மதியச் சாப்பாடு ஆகியிருக்கிறது.

இனி ஆய்வுமுறை. 1881ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்புறம் இலைவளையத்தின் கீழே ‘எஸ்’ என்ற சிற்றெழுத்து இருக்கும். தாராளமாகக் கிடைப்பது, நன்றாக அச்சானது, பையில் கிடந்து வண்ணம் ஏறியவையும் ஏராளம். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒற்றைப் பல்பின் கீழே காசைச் சாய்த்துச் சாய்த்துச் சுற்ற வேண்டும். நிறத்துக்கு அடியிலிருந்து ஒளிக்கற்றை வண்டிச் சக்கரத்தின் ஆரம் போலச் சுழன்று வந்தால் உலோகம் உயிரோடிருக்கிறது. வராவிட்டால், எவ்வளவு ஊதாவாக இருந்தாலும் அது துரு, இழுப்பறைக்குத் திரும்பட்டும்.

அடுத்து, நிறம் போகும் வழி. காசின் முன்புறத்தில் சுதந்திர தேவி இடப்பக்கம் பார்த்திருக்கிறாள். அவள் மூக்குக்கு முன்னால் பிறை வடிவில் வண்ணம். விளிம்பில் பச்சை, உள்ளே வர வர இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், நீலம், ஊதா, செம்பழுப்பு, மஞ்சள், கன்னத்தருகே வெறும் வெள்ளி. தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடம் வரை வரிசை ஒரு படிகூடப் பிசகவில்லை. பிறைக்கு உட்புறமாக வெள்ளையாக நிற்கும் வளைவு, பைக்குள் இன்னொரு காசு இதன்மேல் சாய்ந்து கிடந்த எல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் நீலப் பகுதியில் துணியின் நெசவு கட்டங்கட்டமாகப் பதிந்திருக்கும். எழுத்துகளை ஒட்டிய பள்ளத்தில் துணி படவில்லை, ஆகவே அங்கே நிறம் ஒரு மயிரிழை விலகி நிற்கும். திரவம் பூசியவன் காசில் இது தலைகீழ்: எழுத்தின் காலடியில்தான் சாயம் தேங்கியிருக்கும். வெறும் வெள்ளிக்குப் பக்கத்திலேயே நடுவில் மஞ்சளின்றிப் பளீரென்று நீலம் தொடங்கினாலும், ஊதாவோ நீலமோ காணாமல் பச்சை மட்டும் குதித்து நின்றாலும், அவசரக்காரர் கைவரிசை என்று கொள்ளலாம்.

படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வோர் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. கேமராவில் நிறத்தைத் திருகிவிட்டால் எவர்சில்வர் டம்ளரும் வானவில் காட்டும்.

காசு மெய்யாகவே நல்லது என்று வைத்துக்கொண்டாலும் அனுப்பலாமா? இங்கேதான் ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற நம் பழமொழியை ஒரு கோட்பாடாக உயர்த்த வேண்டியிருக்கிறது. நிறமில்லாவிட்டால் காசு 60 டாலர் பெறும் என்போம். கட்டணம், போக வரத் தபால், காப்பீடு எல்லாம் 50 டாலர். நிறத்தை ஏற்றுக்கொண்டால் 150க்கு விற்கும். 91 போட்டால் 40க்கும் வாங்க ஆள் தேட வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் சராசரி 95, செலவு போக 45. அனுப்பாமல் இருந்தால் 60. இதே காசு 300 பெறும் அளவுக்கு நிறம் இருந்தால் கணக்கு 120 ஆகிவிடும். எனவே முதல் பார்வையிலேயே ‘அட’ என்று வாய்விட்டுச் சொல்ல வைக்காத காசு அனுப்பத் தக்கதல்ல. ‘பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும்’ ரகமெல்லாம் வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டியது. விளிம்பில் லேசாகப் பழுப்பு ஓடிய காசை நப்பாசையில் அனுப்புகிறவர்கள்தான் அந்த நிறுவனங்களுக்கு வாடகை கட்டுகிறார்கள்.

தமிழகத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. விக்டோரியா தலை போட்ட இந்திய ரூபாய்களையும் இதே நிறுவனங்கள் தரமிடுகின்றன, 11.66 கிராம், பதினொரு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு கலப்பு. பாட்டி பெட்டியில் துணி முடிச்சுக்குள் அவை கருவூலப் பைக்குச் சற்றும் குறையாத பக்குவத்தில் நிறமேறிக் கிடந்தன. ஆனால் அவற்றை வெளியே எடுத்த நாளிலேயே யாராவது திருநீறு போட்டுத் துலக்கிவிடுகிறார்கள். பார்க்கப் பளிச்சென்றிருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் ராணியின் கன்னம் முழுக்க ஒரே பக்கமாக ஓடும் மெல்லிய கீறல்கள். பி.சி.ஜி.எஸ். குறியீட்டில் இதற்கு 92, துலக்கியது. புளி, பல்பொடி, எலுமிச்சை மூடி மூன்றுக்கும் அதே 92தான். தரமிடுவோர் சைவ வைணவ பேதம் பார்ப்பதில்லை.

மேலாய்வுக்கு ஒரு களம் காத்திருக்கிறது. ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி அல்ல. உள்ளே போன காசும் மெல்ல நிறம் மாறிக்கொண்டுதான் இருக்கும். இளஞ்சிவப்புக்காக 66 வாங்கிய காசு முப்பது ஆண்டில் சாம்பல் பூத்துவிட்டால், உறைமேல் இருக்கும் எண் எந்தக் காசினுடையது? உறைக்குள் இருந்தபடியே மாறிய நிறம் இயற்கையா, செயற்கையா? அதற்குத் தனிக் குறியீடு வேண்டுமா? இதை ஆராய மார்கன் டாலர்கள் சில நூறாவது தேவை. உறையிலிட்டவை பாதி, இடாதவை பாதி இருந்தால் ஒப்பிட வசதி. கொடையாளர்கள் முன்வரலாம், ரசீது தரப்படும். வேதிவினை மெதுவாக நடப்பது என்பதால், காசுகளைத் திருப்பித் தரும் தேதியை மட்டும் கேட்கக் கூடாது.