நாலெண் மறைப்பியல்

பாயிரம்

மாணாக்க, கேள். பணப்பொறியின் முன் நின்று நான்கு இலக்கங்களை அழுத்துவோர் யாவரும் அவற்றை எங்கேனும் மறைத்து வைத்தோரே. மறைக்கும் இடம், மறைக்கும் முறை, மறைத்த இடத்தையே மறக்கும் அளவு ஆகிய மூன்றால் அவர் தம்முள் வேறுபடுவர். அவ்வேறுபாட்டைத் தொகுத்தும் வகுத்தும் விரித்தும் உரைப்பது இந்நூல். நூல் வழங்கும் எல்லை, கிழக்கே காரைதீவு, மேற்கே மல்வத்தை, இவற்றின் இடைப்பட்ட கிழக்கிலங்கைச் சம்மாந்துறை.

நாலெண் என்பது, பற்றட்டையை நீட்டுபவன் அதற்கு உரியவனே எனப் பொறி நம்புதற்கு வேண்டிய குறி. ஊரார் பின் நம்பர் என்பர். அது நான்காய் நின்றது ஏன் எனின், கூறுவாம். மறையெண் முறைக்கு 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் குட்ஃபெலோ. 1967 யூன் 27ஆம் நாள் இலண்டன் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி திறந்த பொறியை ஆக்கியவர், ஷில்லாங்கிற் பிறந்த ஜோன் ஷெப்பர்ட்-பரன். அவர் ஆறு இலக்கம் வைக்க எண்ணினார். தம்மால் நான்குதான் நினைவில் வைக்க இயலும் என மனைவியார் அடுக்களை மேசையிற் சொன்னார், நான்காயிற்று. இதைப் பின்னாளில் அவரே சொன்னார். ஆகலின், சம்மாந்துறையார் நினைவில் தாங்கவேண்டிய சுமையின் அளவை முடிவுசெய்தது ஒரு பிரித்தானிய அடுக்களை என்க.

நான்கு இலக்கத்தால் ஆகும் எண்கள் 10,000. அவற்றுள் ஓரிலக்கமும் மீண்டு வாராதவை 5,040. நிலம் இவ்வளவு பரந்தது. ஊரார் குடியேறியிருப்பது அதன் ஒரு மூலையில்.

மறைப்பு, அகமறை எனவும் புறமறை எனவும் இருவகைப்படும். நெஞ்சில் வைப்பது அகமறை. நெஞ்சை நம்பாது வெளியே வைப்பது புறமறை. நிந்தவூர் நூலோர் அகப்புறமறை என மூன்றாவது ஒன்று கூட்டி, உள்ளங்கையில் எழுதிச் செல்வதை அதன்பாற் படுத்துவர். வெயிலிற் காத்துநிற்பார்க்கு அது பொறியை அடையுமுன் வியர்வையால் அழியும். அழிவதை மறைப்பென்று யாம் கொள்ளேம்.

அகமறை இயல்

அகமறை நான்கு: வரிசைமறை, பிறப்புமறை, ஊர்திமறை, மறதிமறை.

வரிசைமறையாவது 1234 என வைத்தல். 1111, 0000 என்பனவும் இதன் கிளை. நிக் பெரி என்பார் 2012இல், வெளியே கசிந்த நாலிலக்கக் கடவெண்கள் 34 நூறாயிரத்தை எடுத்து ஆராய்ந்தார். நூற்றுக்கு 11ஐ நெருங்கியவை 1234 என்றே இருந்தன. 6 அளவு 1111. எனவே இது நம்மவர்க்கே உரிய குறையன்று, உலகப் பொதுவழக்கு.

பிறப்புமறையாவது பிறந்த ஆண்டை வைத்தல். இதனை உற்று நோக்குக. பற்றட்டை இருப்பது பணப்பையில். அதே பையில், அதே மடிப்பில், அதனோடு ஒட்டிக்கிடப்பது ஆளடையாள அட்டை. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அடையாள எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டே. பையைக் கண்டெடுத்தவன் பூட்டையும் திறவுகோலையும் ஒருங்கே பெறுகின்றான். பழைய அட்டையின் ஒன்பது இலக்க எண்ணிலோ ஆண்டின் கடை இரண்டு இலக்கமே உள. கள்வன் 19ஐத் தானே முன்னிற் சேர்த்துக்கொள்ளவேண்டும். இவ்வுழைப்பை அவன்மேற் சுமத்தலால் பழைய அட்டை காப்பின் உயர்ந்தது என்ப.

பிறப்புமறை தன்பிறப்பு, மகப்பிறப்பு, மணநாள் என முத்திறப்படும். மணநாளைக் கொண்ட ஆடவர் பொறியின் முன் நெடுநேரம் நிற்பர், பின்னிற்போர் பொறுக்க.

ஊர்திமறையாவது தன் உந்துருளியின் தகட்டிலுள்ள நான்கு இலக்கத்தையே நாலெண்ணாக வைத்தல். வயற்காரரும் ஆசிரியரும் இதனை மிக விரும்புவர். மறக்கவியலாமை இதன் சிறப்பு. உரியவன் ஹிஜ்ரா சந்தியில் உந்துருளியைப் பொறியின் வாயிலிலேயே நிறுத்தி, உள்ளே சென்று, ஒரு கையால் மறைத்து மறுகையால் அழுத்துவான். வெளியே அவ்வெண் முன்னும் பின்னுமாக இருமுறை எழுதப்பட்டு நிற்கும்.

மறதிமறையாவது உரியவனுக்கும் தெரியாதபடி மறைந்த எண். இதனைக் கள்வன் எவ்வாற்றானும் பெறான்; உரியவனும் பெறான். மும்முறை பிழைப்பின் அட்டை முடங்கும். காப்பின் முழுமை இதுவே ஆயினும், பணம் எடுத்தல் என்னும் பயன் இன்மையின் நான்காவதாக வைத்தாம்.

புறமறை இயல்

புறமறை பலவாயினும் தலையாயன ஐந்து.

அட்டைமேல்மறை: அட்டையின் பின்புறம் எழுதுதல், அல்லது அதன் உறையில் எழுதுதல். உறையில் எழுதுவோர் அட்டையில் எழுதுவோரை அறியாதோர் என்று இகழ்வர். ஆயினும் அட்டையை உறையோடுதான் வைப்பர்.

பெயர்மறை: கைப்பேசியில் ஒரு பொய்யாளைப் படைத்து, அவன் எண்ணின் ஈற்றில் நாலெண்ணை ஒளித்தல். அப்பொய்யாளுக்கு இடும் பெயர் பெரும்பாலும் 'பேங்க் காக்கா' என்பதே. கைப்பேசியைத் திருடியவனுக்கு முதலில் தேடவேண்டிய பெயர் இதனால் தெளிவாகின்றது. தேர்ந்த புறமறையாளர் உண்மையான ஒரு மாமியின் பெயரில் ஒளிப்பர். மாமி எண்ணை மாற்றியதும் பழையதை அழித்துவிட்டு மறதிமறைக்குட் புகுவர்.

சுவர்மறை: அடுக்களை நாட்காட்டியில் எழுதுதல். அரிசி ஆலை தந்த நாட்காட்டியே இதற்கு ஏற்றது, தாள் பெரிதாகலின். எரிவளி உருளை மாற்றிய நாளுக்கும் பால்காரன் கணக்குக்கும் நடுவே எழுதப்பட்ட எண் எதுவென ஒருவரும் அறியார் என்பது இதன் துணிபு. திங்கள் முடியத் தாள் கிழிபடும். அந்நாளில் வீட்டில் எழும் ஓசையால் அஃது என்ன எண் என அயலாரும் அறிவர்.

அரிசிமறை: சிறு தாளில் எழுதி அரிசி வாளியுள் இடுதல். சோறு ஆக்கும் பெண்டிர்க்கே உரியது.

பிள்ளைமறை: ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகனிடம் ஒப்படைத்தல். பிள்ளை மறவான். ஆனால் உம்மா பொறியின் முன் தடுமாறுமிடத்து, வாயிலில் நின்ற அவன் நான்கு இலக்கத்தையும் பள்ளியில் வாய்பாடு ஒப்புவிக்கும் குரலில் வரிசையாகச் சொல்வான்.

உடைமை இயல்

இனி, ஓர் எண்ணை எத்துணைப் பேர் அறிவர் என்பதுபற்றி. இல்லறத்தில் இது மூன்றாகும். கணவன் எண்ணை மனைவி அறிந்து, மனைவி எண்ணைக் கணவன் அறியாதது கைக்கிளை, ஊரிற் பெருவழக்கு. இருவரும் இருவரதையும் அறிந்தது ஒத்த மறை. மணந்த முதலாண்டிற் காணப்படும், பின் அரிது. மூன்றாவது பெருந்திணை. கணவன் கத்தாரில், அட்டை சம்மாந்துறையில், எண் மூத்த மகளிடம், வங்கி விடுக்கும் குறுஞ்செய்தி தோகாவில். மனைவி கல்முனையிற் புடைவை எடுத்து வீடு மீளுமுன் விலை தோகாவை அடைந்து, அங்கிருந்து ஒரு வினாவாகத் திரும்பி வரும். மனைவியர் இதனைப் பெருங்குற்றம் என்பர். யாமோ, ஒவ்வோர் எடுப்புக்கும் குறுஞ்செய்தி வரச்செய்தலே இந்நூலிற் சொன்ன காப்புகள் யாவற்றினும் வலியது என்போம். உரியவர் அறியாது பணம் போயின், அதை அவர் அப்பொழுதே அறிவது இது ஒன்றாலேதான்.

கவர்வோர் இயல்

கவர்வோர், எண் வேண்டுவோர், எண் வேண்டாதோர் என இருவர்.

எண் வேண்டுவோருள் முதல்வன் தோள்நோக்கி. பின்னின்று விரலசைவை எண்ணுவான். இவனுக்கு விடை, மறுகையாற் குடைபோற் கவித்தல். கையாற் கவிப்பதா முந்தானையாற் கவிப்பதா என்பதில் கல்முனை வழியினரும் நம் வழியினரும் மாறுபடுவர். முந்தானை விசைகளை அழுத்துபவர்க்கே மறைக்கும் என்பது கல்முனையார் கூற்று. அதில் உண்மை உண்டு.

இரண்டாமவன் துணைக்கையன். 2023இல் அஸ்வெசும என்னும் அரச உதவி வந்து கொடுப்பனவு வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியபின், பொறியை முன்பு தொட்டறியா மூத்தம்மாமார் சிலர் கையிலும் அட்டை வந்தது. அவர் அருகில் நிற்கும் இளையானிடம் அட்டையை நீட்டி, "மனே, இத ஒருக்கா அடிச்சித் தா" என்பர், எண்ணையும் சொல்வர். நூற்றில் தொண்ணூற்றொன்பது மனேக்கள் பணத்தை எண்ணிக் கையிற் கொடுத்து, ரசீதையும் மடித்துத் தருவர். எஞ்சிய ஒருவன் பணத்தையும் கொடுத்து, வேறோர் அட்டையையும் கொடுப்பான். இரண்டு அட்டையும் ஒரே நிறம். அடுத்த திங்கள் வரை மாற்றம் தெரியாது. அட்டையின் மூலையில் ஓர் அடையாளம் இடுக. எண்ணை இடற்க.

மூன்றாமவன் வாய்ப்பூட்டாளன். பொறியின் அட்டைவாயில் மேலொரு பொய்வாய் பொருத்தி, அட்டையின் கரும்பட்டையைப் படித்து, விசைமேடைக்கு மேல் ஒளிப்படக் கண் ஒன்றை ஒளித்து நாலெண்ணையும் கொள்வான். பட்டையைப் படியெடுக்கலாம், சில்லை அவ்வாறு எடுத்தல் இயலாது. ஆதலின் பட்டை மட்டும் உள்ள பழைய அட்டையைச் சில்லட்டையாக மாற்றுக. பொறியின் வாயை ஒருமுறை அசைத்துப் பார்ப்பது முறை. ஆடுமாயின் அட்டையை இடாது வங்கிக்குச் சொல்க.

இனி, எண் வேண்டாதோர். இவர்க்கு நாலெண் பயனின்மையின் இந்நூலின் பொருளுக்குப் புறம்பானவர். ஆயினும் இந்நாளில் இவரே மிக்கு வருதலின் சுருங்கச் சொல்வாம். இவர் வேண்டுவன அட்டையின் முகத்திலுள்ள பதினாறு இலக்கம், முடிவுத் திங்களும் ஆண்டும், முதுகிலுள்ள மூன்று, இறுதியாகக் கைப்பேசிக்கு வரும் ஒருபொழுதெண். அதை ஊரார் ஓ.ரீ.பி. என்பர். இவருள் பொதித்தூதன், அஞ்சல் திணைக்களம் விடுத்ததுபோல் 'உங்கள் பொதி நிற்கின்றது, சிறு கட்டணம் செலுத்துக' என்று இணைப்பு அனுப்புவான். பரிசுத்தூதன் வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததென்பான். வங்கித்தூதன் "உங்கட காட் புளொக் ஆகப்போகுது, இப்ப வார நம்பரச் சொல்லுங்க" என்பான். நாலெண்ணை அரிசியுள் மறைத்து, கணவனுக்கும் சொல்லாது காத்த ஒருத்தி, இவனுக்கு ஆறிலக்கத்தையும் நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொல்வாள். ஒருபொழுதெண்ணை எந்த வங்கியும் கேளாது.

பட்டபின் இயல்

பணம் போயது தெரிந்தவுடன் செய்வன முறையே நான்கு. அட்டையை முடக்குதல் முதலது. வங்கியை உடனே அழைத்து அதைச் செய்க. அழைக்கும் இலக்கம் அட்டையின் முதுகில் அச்சிட்டிருக்கும். அட்டை கள்வன் கையிலிருப்பின் அவ்விலக்கமும் அவனிடமே இருக்கும், அவன் அழைக்கமாட்டான். ஆதலின் அதனை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். நாட்காட்டியில் எழுதத்தக்க வங்கி இலக்கம் இஃது ஒன்றே. பலர் வீட்டில் அவ்விடம் வேறோர் எண்ணால் நிறைந்துள்ளது.

இரண்டாவது, கிளைக்குச் சென்று எழுத்தில் முறையிட்டுப் படியொன்றில் முத்திரை பெறுதல். மூன்றாவது, காவல் நிலையத்தில் முறைப்பாடு பதிதல். கொடுப்பனவு அட்டை போன்ற கருவிகளின் பெயரால் நடக்கும் ஏமாற்றுக்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் உண்டு. இதனை முறைப்பாடு எழுதுவோர்க்கு மெல்ல நினைவூட்டலாம். நான்காவது, வங்கியின் விடை நிறைவு தாராதாயின் இலங்கை மத்திய வங்கியிடம் சொல்லுதல், அழைப்பு 1935.

புறனடை

இருப்பின்மைக் காப்பு என ஒன்று உண்டென்பாரும் உளர். சம்பளம் விழுந்த 25ஆம் நாளே முழுவதையும் எடுத்து வெறுங்கணக்காக்கி வைத்தால் நாலெண்ணைச் சந்தியில் எழுதி ஒட்டினும் இழப்பில்லை என்பது அவர் கோள். ஏற்கேம். வெறுங்கணக்கையே தேடி வருவோர் ஒரு வகையினர் உளர், அவர் கணக்கிரவலர். "மச்சான், ஒங்கட எக்கவுண்டுக்கு ஒரு காசு வரும், எடுத்துத் தாங்க, ஒங்களுக்கும் ஒரு பங்கு" என்பர். வருவது வேறெங்கோ ஒருவரிடம் கவர்ந்த பணம். அதைத் தேடி வரும் காவலர் முதலிற் காண்பது கணக்குக்கு உரியவன் பெயரையும், அவன் ஆளடையாள எண்ணையும், அதன் முதல் நான்கு இலக்கத்தையும்.