ஏறியமர் புல்வெட்டித் தெரிவியல்: தேங்காய்த்திட்டை முன்வைத்து

நூல் என்று ஒன்று எழுந்தால் அதற்குப் பாயிரம் வேண்டும் என்பது நன்னூலார் விதி. மீற மனமில்லை. நுதலிய பொருள்: பெரிய தோட்டத்துப் புல்லை வெட்ட, மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டிச் செல்லும் மிஷினைத் தேர்ந்தெடுக்கும் முறை. களன்: புதுச்சேரியில் ஆற்று முகத்துவாரத்தையும் மீன்பிடித் துறைமுகத்தையும் ஒட்டிக் கிடக்கும் தேங்காய்த்திட்டு. கேட்போர்: மேற்படி களத்தில் பெரிய தோட்டம் உடையோர். பயன்: கேட்போர் எவரும் இதுவரை அகப்படாமையால் பின்னர் ஆராயப்படும்.

முதலில் எல்லை. அரை ஏக்கருக்குக் குறைந்த புல்தரைக்கு ஏறியமர் மிஷின் வேண்டாம், பின்னால் நடந்து தள்ளுவதே போதும் என்பது மேலைநாட்டு வியாபாரிகளிடையே வழங்கும் வாய்பாடு. அரை ஏக்கர் 21,780 சதுர அடி. புதுச்சேரிக் கணக்கில் ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. (தமிழ்நாட்டில் பல ஊர்களில் குழி 144 சதுர அடிதான். எல்லை தாண்டி இடம் வாங்குவோர் இதை மறந்தால் அது வேறோர் ஆய்வுக்குப் பொருளாகிவிடும்.) ஆக, அரை ஏக்கர் ஏறக்குறைய 38 குழி. தேங்காய்த்திட்டில் இன்று 38 குழியைக் கையில் வைத்திருப்பவர் அதில் புல் வளர்க்கமாட்டார். கல் நட்டு, மனை பிரித்து, தாயார் பெயரில் ஒரு நகரை உண்டாக்கி, மூலைமனைக்குக் கூடுதல் விலை சொல்லி விற்று முடித்திருப்பார்.

ஆகவே கையில் கிடைப்பதைக் கொண்டே ஆராய்வோம். வீட்டு முன்புறம் ஒரு குழிப் புல்தரை என்று வைத்துக்கொள்க. நடுத்தர மிஷினின் வெட்டகலம் 42 அங்குலம். இருபத்துநாலடியை அதனால் வகுத்தால் ஏழு ஓட்டத்துக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஓட்டத்துக்கு நாலரை விநாடிகூட ஆகாது. மொத்த வேலையும் அரை நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துபோகும். பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து, ஊற்றி, மூட இதைவிட அதிக நேரம் பிடிக்கும். மிஷினின் நீளமே ஆறடியை நெருங்குவதால் ஒவ்வோர் ஓட்டத்திலும் கால்பங்கு தூரத்தை அது நின்ற இடத்திலேயே கடந்துவிடுகிறது என்பதும் கருதத்தக்கது.

அற்றேல், ஒரு குழிக்கு எதற்கு மிஷின் எனின், ஏறி உட்கார என்க. புல் வெட்டுதல் இங்கே துணைப்பயனே. இதை மறுப்போர் வரலாற்றை நோக்குக. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில், துணி ஆலைகளில் கம்பளித் துணியின் மேல் பிசிறைச் சிரைக்கும் உருளைக் கத்தியைப் பார்த்து, இதே வேலையைப் புல்லிலும் செய்யலாமே என்று நினைத்த எட்வின் பட்டிங் 1830இல் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதைப் பின்னால் நின்று தள்ள வேண்டும். பெரிய தோட்டக்காரர்கள் குதிரையைப் பூட்டினார்கள். குளம்பு பட்டுத் தரை குழியாமல் இருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள். இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம்ஸ் கம்பெனி 1902இல் பெட்ரோல் புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிராக்டர் செய்யும் ஜான் டீர் 1963இல் வீட்டுத் தோட்டத்துக்கென்றே ஒரு குட்டி டிராக்டரை இறக்கியது. இந்த நூற்று முப்பது சொச்சம் ஆண்டுகளில் புல் மாறவில்லை. அது அதே புல்தான். மாறியதெல்லாம் மனிதனின் இருக்கை.

தமிழன் இந்தப் பந்தயத்தில் வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தான். நம் வீட்டு வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்ட மண்தரை. அங்கே புல் முளைத்தால் வீட்டில் ஆள் இல்லை, வழக்கு நடக்கிறது, அல்லது பங்காளிகள் பேசிக்கொள்வதில்லை என்று தெருவுக்கே தெரியும். வாசலில் எருக்கு முளைக்கட்டும் என்று மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்ட ஊர் இது. சாபமாகக் கிடைத்ததை இப்போது பாய் பாயாகச் சுருட்டி நர்சரியில் காசு கொடுத்து வாங்கி வந்து, தண்ணீரும் ஊற்றி வளர்க்கிறோம்.

பழியைப் பிரெஞ்சுக்காரர் மேல் போடுவது எளிது. சான்று இடம் தரவில்லை. 1826இல் அவர்கள் அமைத்த தாவரவியல் பூங்காவைப் போய்ப் பார்க்கலாம். அதைப் பேணிய பெரோத்தே பல நாட்டு மரம் செடிகளைக் கொண்டுவந்து இந்த மண்ணுக்குப் பழக்குவதில் காலம் கழித்து, 1870இல் இதே ஊரில் இறந்தார். அவர் அக்கறையெல்லாம் மரத்தின் மேல். என் துணிபு வேறு. உதகைத் தாவரவியல் பூங்காவின் சரிவான புல்வெளியில் உட்கார்ந்தும் உருண்டும் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிய குடும்பங்கள்தாம் இந்த ஆசையைச் சமவெளிக்குக் கொண்டுவந்தன. அந்தப் போட்டோ இல்லாத ஆல்பம் தமிழ்நாட்டிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. உதகையின் குளிரைக் கொண்டுவர முடியவில்லை; புல்லையாவது கொண்டுவந்தார்கள்.

இலக்கண நூலார் இதைத் திணைமயக்கம் என்பர். புல்லும் ஆநிரையும் முல்லைக்கு உரியன. தேங்காய்த்திட்டோ ஐயத்துக்கு இடமில்லாத நெய்தல்: உப்பங்காற்று, அலையாத்தி, மீன்வாடை, விசைப்படகின் டீசல் புகை. நெய்தல் நிலத்தில் முல்லைக் கருவியை ஓட்டினால் அதன் அடித்தட்டு துருப்பிடிக்கும். கத்தி சுற்றும் அந்தத் தகரக் கூடாரத்தின் உட்புறத்தில் நறுக்கிய ஈரப்புல் அப்பிக்கொள்ளும். மேலே உப்புக்காற்று அடிக்கும். அச்சில் அடித்து எடுத்த மெல்லிய தகடு இரண்டையும் வெகுநாள் தாங்காது. தடித்த தகட்டை வெட்டி வெல்டு வைத்த அடித்தட்டு வாங்குவதே நெய்தலார்க்குத் தகும். ஓட்டி முடித்த கையோடு கழுவிக் காயவிடவும் வேண்டும். திணையை மீறியவர் அதற்கான தண்டத்தைப் பெயிண்டுக் கடையில் கட்டுவார்.

அடுத்தது தென்னை. தோட்டம் என்றால் இங்கே தென்னைதான். புல் அதன் காலடியில் கிடைத்த இடத்தில் இருக்கும். அறுபதடி உயரத்திலிருந்து விழும் தேங்காய், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், தரைக்கு வரும்போது மணிக்கு ஏறக்குறைய 68 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பெரிய மிஷின்களில் இருக்கைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு உண்டு. அது வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றுவதற்கு. தேங்காயைப் பற்றி அதை வடித்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மேலிருந்து வருவது இப்படி என்றால் கீழே கிடப்பது அதைவிடக் கெடுதி. கத்தியின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கத் தரவிதி வரம்பு கட்டியிருக்கிறது. அதாவது மணிக்கு 347 கிலோமீட்டர். அந்தக் கத்தியின் வழியில் ஒரு குரும்பை அகப்பட்டால் அது அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போகும். பன்னாடை அகப்பட்டால் தண்டில் சுற்றிக்கொண்டு கத்தியே நிற்கும். பாளை, மட்டை, ஈர்க்கு, எலி கடித்துப் போட்ட இளங்காய் எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகே மிஷினை இறக்க வேண்டும். பொறுக்குவதற்கு ஏறியமர் கருவி எதுவும் சந்தையில் என் கண்ணில் படவில்லை.

சரிவு பற்றிக் கையேடுகள் பக்கம் பக்கமாக எச்சரிக்கும். பதினைந்து டிகிரிக்கு மேல் ஏற்றாதே என்னும். தேங்காய்த்திட்டு தட்டையான நிலம், சரிவே இல்லை என்று அவசரக்காரர் முடிவுகட்டுவர். அஃது அன்று. ரோடு மேல் ரோடாகப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. வீடு அதே இடத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க வாசலில் ஒரு சிமெண்டுச் சறுக்கு கட்டியிருப்பார்கள். ஸ்கூட்டரையே மூச்சைப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். நம் நிலத்தின் ஒரே மலை அதுதான். மழையில் கணக்கு இன்னும் மாறும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அத்தகைய நாளில் இருநூறு கிலோ மிஷின் எங்கே நிறுத்தப்பட்டிருக்கும் என்பதை வாங்கும் முன்பே நினைத்துப் பார்க்க வேண்டும். மாடிப்படியில் அது ஏறாது.

இருக்கைக்குப் பக்கத்தில் பல மிஷின்களில் கோப்பை வைக்க ஒரு குழி உண்டு. மற்ற மாநிலத்து ஆய்வாளர் இதைத் தாண்டிப் போய்விடுவர். புதுச்சேரியில் இதற்குத் தனி அதிகாரம் தேவை, விரிவஞ்சி விடுத்தேன்.

களஆய்வுக்கு வருவோம். பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வீடு புல் வெட்டும் தகவலாளி ஒருவரை அணுகினேன். காலில் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார். கண்ணுக்குக் கூலிங் கிளாஸ், முகத்துக்கு ஈரத்துண்டு. நைலான் ஒயர் தேய்ந்துபோகவே மிஷினைக் கவிழ்த்து, தலையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் புது ஒயரை வெளியே வரவழைத்தார். அவரிடம் ஏறியமர் மிஷினின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது சார். உள்ள எப்படி வரும்? உங்க கேட்டு மூணரை அடிதான?"

நாற்பத்திரண்டு அங்குலம் என்பதும் மூன்றரை அடிதான். அது வெட்டகலம் மட்டுமே. புல்லைப் பக்கவாட்டில் துப்பும் மூக்கையும் சேர்த்தால் இன்னும் அரை அடி, முக்கால் அடி கூடும். வெட்டகலம், குதிரைத்திறன், கியரா ஹைட்ராலிக்கா, நின்ற இடத்தில் சுழலும் இரட்டைக் கைப்பிடியா ஸ்டியரிங்கா என்று நான் புரட்டிய கையேடுகளில் கேட்டின் அகலம் பற்றி ஒரு வரி இல்லை. தெரிவியலின் முதல் சூத்திரம் அந்தச் சாக்குக் காலர் வாயிலிருந்துதான் வந்தது: டேப்பை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போ.

"காலி மனைக்கு இன்னா பண்ணுவாங்க?" என்றேன், அவர் பாஷையிலேயே.

"ஜேசிபி வுட்டு வழிச்சிடுவாங்க சார்."

இதுவும் ஏறியமர் கருவியே. ஓட்டுநர் உள்ளே அமர்ந்திருக்கிறார், புல் குறைகிறது. கூடவே மேல்மண், பக்கத்து மனையின் எல்லைக்கல், சில வேளை தண்ணிக் குழாய் ஆகியவையும் குறைகின்றன. வெட்டு உயரத்தைத் தரைக்கு அடியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு.

எனினும் நெடுநாள் ஆராய்ச்சிக்குப் பின் நான் பரிந்துரைப்பது எருமையை. ஏறியமர் புல்வெட்டிக்கு இலக்கணம் இரண்டே: மேலே ஏறி அமர இயல வேண்டும், அமர்ந்திருக்கையில் புல் குறைய வேண்டும். மாடு மேய்க்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் எருமை இரண்டுக்கும் பொருந்தும் என்பான். மருதத் திணைக்குக் கருப்பொருளாக எருமையை வைத்த முன்னோர் பட்டிங்குக்கு முந்தியவர்.

கூறு கூறாக ஒப்பிடுவோம். மிஷினின் பின்னால் தொங்கும் புல்பை இருநூறு, முந்நூறு லிட்டர் கொள்ளும். நிறைந்ததும் இறங்கிப்போய்க் கொட்ட வேண்டும். எருமையின் அசையிரைப்பை நூறு லிட்டரைத் தாண்டும். காலி செய்யும் பொறுப்பை அதுவே ஏற்கிறது, விளைபொருளை வறட்டி தட்டி விற்கலாம். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் மிஷின் அணைந்துவிடும், பாதுகாப்புக்காக இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். எருமை, ஆள் இறங்கிய பிறகும் வேலையை நிறுத்துவதில்லை. பின்னோக்கி நகரும்போது கத்தி நிற்கும்படி பல மிஷின்களில் ஏற்பாடு உண்டு. எருமையும் பின்னோக்கி நடக்கையில் மேய்ந்ததாகச் சான்றில்லை. இரண்டுமே சூடாகும். மிஷினுக்கு விசிறி வேண்டும்; வியர்வைச் சுரப்பி குறைந்த எருமை தானாகவே போய்க் குட்டையில் படுத்துக்கொள்ளும். சர்வீஸ் என்று வந்தால் மிஷினுக்கான பெல்ட்டும் கத்தியும் வெளியூரிலிருந்து வரும்வரை புல் வளர்ந்துகொண்டிருக்கும். எருமைக்கோ குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மாட்டினத்துக்கு மேல்வரிசை முன்பல் கிடையாது. நாக்கைச் சுற்றி இழுத்து அறுக்கும். ஆகவே புல்லை ஒட்ட வெட்டாது. ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நிற்கும். சாணம் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டமாக விட்டுவிட்டுப் போகும். வெட்டுயரம் கூட்டிக் குறைக்க நெம்புகோல் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டக் கூடாது என்ற புல்தரை விதியை அதற்கு எடுத்துச் சொல்வது கடினம்.

எமன் ஏறும் வாகனத்தை வீட்டுக்குள் விடலாமா என்று மாமியார்கள் தடை எழுப்பக்கூடும். புதுமனைக்குள் பசுவை நுழைப்போம், எருமையை நுழைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் சறுக்கில் கவிழ்ந்த மிஷினும் அதே எமனிடம்தான் கொண்டுசேர்க்கும்; இடையில் ஒரு பெட்ரோல் செலவு கூடுதல். புதுச்சேரியில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட மலிவு என்பதால் அந்தப் பயணம் இங்கே சற்றுச் சிக்கனம், அவ்வளவே.

யானை ஏன் விடப்பட்டது எனின், மணக்குள விநாயகர் கோயில் லட்சுமிக்கு ஊரே அருகம்புல் வாங்கிக் கொடுத்தது. 2022 நவம்பர் 30இல் அவள் மறைந்தபோது ஊரே திரண்டு வழியனுப்பியது. அவளை மிஷின்களோடு வரிசையில் வைத்துக் குதிரைத்திறன் பேச எனக்குக் கை வரவில்லை.

ஆடு இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அதன் மேல் ஏறி அமர முடியாது என்பது முதற்காரணம். இரண்டாவது, தோட்டத்தில் விட்டால் அது புல்லைத் தொடுவதற்கு முன் செம்பருத்தியைத் தின்றுவிடும், அதன் பிறகு கொடியில் காயும் துண்டை, அதற்கும் பிறகு, வேறெதுவும் இல்லாவிட்டால், மிஷினின் கையேட்டை.