டூ தவுசண்ட் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகும் சாலையில் ஒரு பைக் மெதுவாகப் போகும். பள்ளம் வந்தால் ஓட்டுபவர் இறங்கித் தள்ளுவார். அவர் முதுகில் இருக்கும் காமிராப் பைக்கு மழை உறை மாட்டியிருக்கும். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருக்கும். அவர்தான் டூ தவுசண்ட் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஷூ கம்பெனி அட்டெண்டன்ஸில் பத்திரமாக இருக்கிறது. பறக்கிற பறவையை எப்படி எடுப்பது என்று யார் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் "ஷட்டர் டூ தவுசண்ட் வைப்பா" என்று சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர் எதுவானாலும் இப்போது அங்கே இப்படி ஒரு அண்ணன் இருக்கிறார். நம்மவர் வாரத்தில் ஆறு நாள் செலக்‌ஷன் மேசையில் தோலைப் புரட்டுகிறவர். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத் தரம் பிரிப்பார். ஏழாம் நாள் அதே கண்ணோடு பறவை பார்க்க வருகிறார். மீன்கொத்தி ஒன்று தலைகீழாகப் பாய்ந்து மீனோடு எழும்பியதை ஒரு பையன் எடுத்துக் காட்டினான். நான் வாயைப் பிளந்தேன். அண்ணன் திரையில் பெரிதாக்கி, மூக்கு ஓரத்தைப் பார்த்து, "ஷார்ப் இல்ல. செகண்ட்ஸ்" என்றார். பையன் அன்றோடு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

அமிர்தியின் சங்கடமே வெளிச்சம்தான். ஜவ்வாது மலை அடிவாரம்; பக்கத்தில் ஆறு; மேலே மரக்கூரை. 1967இல் திறந்த உயிரியல் பூங்கா இருக்கிறது, குடும்பங்கள் அதற்கு வரும். அண்ணன் மாதிரி ஆட்கள் வருவது வெளியே சுற்றுகிற பறவைகளுக்காக. பள்ளத்தாக்குக்குள் வெயில் சாவகாசமாகத்தான் இறங்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது அதற்கு முன்னால். வெயில் சரியாக விழும் நேரத்தில் அவை சாப்பிட்டு முடித்து நிழலுக்குள் போயிருக்கும்.

"ஷட்டர் ஐந்நூறுல ஒண்ணுல இருந்து ரெண்டாயிரத்துல ஒண்ணுக்குப் போனா வெளிச்சம் கால்வாசிதான் உள்ள வரும் சார். அத எங்கேந்து ஈடு கட்டுவ? ஐஎஸ்ஓ எண்ணூறு வெச்சிருந்தா மூவாயிரத்து இருநூறு ஆக்கணும். ஆக்கினா கிரெயின் வரும்." இந்த இடத்தில் அவர் முகம் வாடும். "கம்பெனில ஃபுல் கிரெயின்னா வெல ஜாஸ்தி. அதே கிரெயின் போட்டோல வந்தா எவனும் பாக்க மாட்டான். இன்னா உலகம் சார் இது!"

அவர் விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். நிஜமாகவே விஷயம் தெரிந்தவர். காமிராவின் மீட்டரைப் பற்றி அவர் சொன்னதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. "மீட்டரு புதுசா சேந்த சூப்பர்வைசர் மாதிரி. அவனுக்குத் தெரிஞ்சது ஒரே கலரு, சாம்பல். வெள்ளத் தோலக் குடுத்தாலும் கறுப்புத் தோலக் குடுத்தாலும் சாம்பலாக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான்."

அப்போது ஆற்றோரம் ஓர் உண்ணிக்கொக்கு நின்றிருந்தது. மாட்டின் மேல் இருக்கும் உண்ணியைப் பொறுக்குவதால் வந்த பெயர். அண்ணன் அதற்கு எப்போதும் ஒரு சலாம் வைப்பார். தோல் தொழிலுக்குச் சம்பளம் வாங்காமல் உழைக்கும் ஒரே ஊழியன் அதுதானாம். கொக்குக்குப் பின்னால் இருண்ட மலைச்சரிவு. "பாத்தியா, பின்னாடி இருட்டு. மீட்டரு ஏமாந்து வெளிச்சத்த ஏத்துவான். கொக்கு சுண்ணாம்புச் சுவரு ஆயிடும், ஒரு இறகு தெரியாது. அதனால மைனஸ் ஒண்ணு." சக்கரத்தைத் திருகினார். கொக்கு எழும்பியது. மலையை விட்டு வானத்துக்குள் போனது. இப்போது பின்னால் பளீரென்ற வானம். மீட்டர் மறுபக்கம் ஏமாந்து இருட்டாக்கும். பிளஸ் ஒன்று வேண்டும். அண்ணன் பிளஸுக்குத் திருகி முடித்தபோது கொக்கு கணியம்பாடிப் பக்கம் ஒரு புள்ளி. பறவை எப்போதும் போன செட்டிங்குக்குத்தான் பறக்கிறது.

"அப்ப மேனுவல்ல வெச்சுடலாமே? கொக்கு மேல விழற வெயில் ஒண்ணுதானே, பின்னால எது இருந்தா என்ன?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் வடகலை தென்கலைக்கு இணையான பிரிவு அது. ஒரு கூட்டம் மேனுவல். மறு கூட்டம் ஆட்டோ ஐஎஸ்ஓ. வெயில் நிலையாக இருந்தால் மேனுவல் சரிதான் என்று அண்ணனே ஒத்துக்கொள்வார். ஆனால் மேகமும் மரநிழலும் மாறி மாறி வரும் அமிர்தியில் அது எடுபடாது என்பது அவர் கட்சி. ஒரே டீக்கடையில் இரு கூட்டமும் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

டீக்கடைப் பேச்சில் இரண்டு முன்னோர்கள் கட்டாயம் வருவார்கள். ஒருவர் பிரான்ஸின் மாரே. 1882இல் துப்பாக்கி மாதிரியே ஒரு காமிரா செய்து, பறக்கிற பறவையை நோக்கி விசையை அழுத்தி வினாடிக்கு 12 படம் பிடித்தவர். இன்னொருவர் நம்ம மா. கிருஷ்ணன். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு காமிராவை ஒட்டுப்போட்டு, அதற்கு 'சூப்பர் பொங்கா' என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையிலேயே காடெல்லாம் எடுத்து, 1970இல் பத்மஸ்ரீ வாங்கியவர். ஃபிலிம் சுருளுக்கு 36 படம் என்றிருந்த காலம். அண்ணன் ஒரு ஞாயிறு காலையில் மூவாயிரம் எடுக்கிறார். ராத்திரி அண்ணி எட்டிப் பார்த்து, "ஏங்க, மூவாயிரத்துலயும் அதே பின்பக்கம்தானா?" என்று கேட்டதாகக் கேள்வி. பறவை கிளம்பிய பிறகு எடுத்தால் வேறு எந்தப் பக்கம் வரும்?

அவருடைய வாழ்நாள் லட்சியம் வெள்ளை ஆண் அரசவால் ஈப்பிடிப்பான், பறக்கும் நிலையில், ரிப்பன் போன்ற இரண்டு வால் இறகும் வளைந்து தெரிய. குளிர்காலத்தில் வரும். நிழலில் பறக்கும், வெள்ளையாக இருக்கும், சொல்லாமல் திரும்பும். எக்ஸ்போஷருக்கு உள்ள எல்லாக் கஷ்டமும் ஒரே பறவையில். ஏழு டிசம்பராகக் காத்திருக்கிறார். ஒருமுறை வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், பூங்காவுக்குள் போய்க் கூண்டு மயிலை எடுத்தார். லென்ஸைக் கம்பிவலையை ஒட்டி வைத்து, துளையை முழுக்கத் திறந்தால் வலை கரைந்து காணாமல் போய்விடும். அந்தப் படம் அவர் போனில் பூட்டுப்போட்ட ஃபோல்டரில் இருக்கிறது. எனக்குக் காட்டியபோது அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாறையில் லென்ஸைத் தாங்க அவரிடம் ஒரு மூட்டை உண்டு. கம்பெனியில் கழித்துப்போட்ட ஷூ அப்பர் துண்டுகளைத் தானே தைத்து, உள்ளே இரண்டு படி கம்பு நிரப்பியது. தையல் ஒரு முனையில் விட்டுப்போயிற்று. ஊரார் ஷூவில் ஒரு தையல் தப்பினால் ரிஜெக்ட் அடிக்கிற மனிதர், அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம லைன்ல தைச்சது இல்ல" என்றார். கம்பு பாறையெல்லாம் கொட்டியது.

முதலில் ஒரு புள்ளிப்புறா வந்தது. பிறகு நாலு. பிறகு தவிட்டுக்குருவிக் கூட்டம், ஒன்றையொன்று திட்டிக்கொண்டே. இரண்டு மைனா. அவர் ஷூவுக்கு ஒரு முழம் தள்ளி இத்தனை பறவைகள். ஒரு மைனா கம்பை விட்டுவிட்டு அவர் ஷூ நாடாவை இழுத்துப் பார்த்தது. அண்ணன் மூச்சுவிடாமல் காமிராவைத் தூக்கினார். லென்ஸ் முன்னும் பின்னும் உறுமியது. ஃபோகஸ் ஆகவில்லை. அத்தனை பெரிய லென்ஸுக்கு ஒன்பது அடிக்குள் இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

"பின்னாடி போறேன், அசையாதீங்க சார்" என்று கிசுகிசுத்தார். ஓரடி பின்வாங்கினார். மூட்டை கையில்தான் இருந்தது. கம்பு ஒழுகிக்கொண்டே இருந்தது. பறவைகளும் ஓரடி முன்னால் வந்தன. இன்னும் ஓரடி போனார். அவையும் வந்தன. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு டூ தவுசண்ட் எதற்கு, கிரெயினாவது குறையட்டும் என்று கட்டைவிரலால் ஷட்டரை நூற்று இருபத்தைந்துக்கு இறக்கியதைப் பார்த்தேன். அதே நொடி மலைப்பக்கமிருந்து ஒரு வைரி தாழ வந்தது. புறாக்கள் படபடவென்று அவர் முகத்துக்கு நேராக எழும்பின.

அண்ணன் பொத்தானை விடவேயில்லை. எல்லாம் அடங்கிய பிறகு திரையைப் பார்த்தார். பொரித்த முட்டையை யாரோ கையால் தேய்த்தது போல இருபத்திரண்டு படங்கள்.

"எக்ஸ்போஷர் பாருங்க சார்" என்றார். "கரெக்டா இருக்கு."